சிக்கனம் ஓர் இனத்தின் குணமா? நாடுகளின் சேமிப்பு விகிதம் பற்றி ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் இரண்டு பெருமைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று மொழியின் தொன்மை. மற்றொன்று சிக்கனம். "நம்ம ஆளு எந்த ஊருக்குப் போனாலும் நாலு காசு சேர்த்துடுவான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாணப் பந்தியிலும் சரி, சங்கத்துப் பொங்கல் விழாவிலும் சரி, இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு குறையும் வரும்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு லட்ச ரூபாய் சம்பளம் வந்தாலும் மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கறதில்லை!"

வீட்டுப் பேச்சுதானே என்று இதைச் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் இதே வாதத்தைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் பெரிய அளவில் முன்வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் இயல்பாகவே சிக்கனமானவர்கள், அமெரிக்கர் ஊதாரிகள், சீனர்கள் கன்ஃபூசியஸ் வழி வந்தவர்கள், ஆகவே சேமிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. ஒரு நாட்டின் சேமிப்பை அந்நாட்டு மக்களின் குணத்தைக் கொண்டு விளக்கும் இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது அதிக தூரம் நிற்பதில்லை. சேமிப்பு விகிதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மக்களின் வயதமைப்பு, வருமானம் வளரும் வேகம், அரசு செய்துவைத்த ஏற்பாடுகள், நாளையைப் பற்றிய பயம் ஆகியவைதான். குணத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அது நாம் நினைப்பதைவிடச் சிறிய இடம்.

எதைச் சேமிப்பு என்கிறோம்?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாட்டின் சேமிப்பு என்பது வீடுகளின் சேமிப்பு மட்டுமல்ல. குடும்பங்கள், கம்பெனிகள், அரசு ஆகிய மூன்று பைகள் சேர்ந்ததுதான் அது. கம்பெனி லாபம் சம்பாதித்துப் பங்குதாரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அதுவும் சேமிப்பு. அரசு அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கினால் அந்தப் பை கழித்தல் கணக்கில் போகும்.

இதற்கு நம் நாடே நல்ல உதாரணம். 2000-01ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 24 சதவீதத்தை ஒட்டியிருந்த இந்தியாவின் சேமிப்பு, 2007-08ல் 37 சதவீதத்தை நெருங்கியது. ஏழே ஆண்டுகளில் இந்தியர்கள் திடீரென்று சிக்கனக்காரர்களாகிவிட்டார்களா? இல்லை. குடும்பங்களின் பங்கு இந்த ஆண்டுகளில் 22 சதவீதத்தை ஒட்டியே கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிகளின் லாபம் பெருகியது. கழித்தலில் கிடந்த அரசுத் துறைச் சேமிப்பு கூட்டலுக்கு வந்தது. ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். பாராட்டு மட்டும் நம் இல்லத்தரசிகளின் அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று!

இன்னொரு சிக்கல், குடும்பம் சேமிப்பு என்று நினைப்பதும் கணக்கர் சேமிப்பு என்று எழுதுவதும் ஒன்றல்ல. சீட்டுக் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். இருபது பேர் சேர்ந்து போடும் சீட்டில் ஒருவர் கட்டும் பணத்தை இன்னொருவர் ஏலத்தில் எடுத்து மகள் கல்யாணத்துக்குச் செலவழிக்கிறார். ஒருவர் சேமிப்பு மற்றவர் கடன். நாட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவர் வாங்கினால் அங்கேயும் புதிய சேமிப்பு ஒன்றும் பிறக்கவில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கிய மனை ஐம்பது லட்சம் ஆனால், அந்த நாற்பது லட்சம் சேமிப்பே இல்லை. ஊரில் தங்கை கல்யாணத்துக்கு மும்பையிலிருந்து அண்ணன் அனுப்பிய பணமும் அப்படித்தான். ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போனது, அவ்வளவே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படிப்புச் செலவு. பிள்ளையின் இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணத்தை நாட்டுக் கணக்கு நுகர்வுச் செலவாகத்தான் எழுதுகிறது. சினிமா டிக்கெட்டும் கல்லூரிக் கட்டணமும் அங்கே ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்முடைய எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கணக்கின்படி சேமிக்கத் தெரியாதவர்கள்! ஆகவே இரண்டு நாடுகளின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவர்கள் சிக்கனம், அவர்கள் ஊதாரி" என்று தீர்ப்பு எழுதுமுன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அந்தச் சதவீதமே கூடச் சில சமயம் மாறிவிடும். 2005ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்களின் சேமிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று 2006 தொடக்கத்தில் அறிவித்தார்கள். 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு இப்படி ஆனதில்லை என்று பத்திரிகைகள் அமர்க்களப்பட்டன. பின்னர் கணக்கைத் திருத்தியபோது அது கூட்டலுக்கு வந்துவிட்டது. தீர்ப்பு எழுதியவர்கள் அதைத் திருத்தியதாகத் தெரியவில்லை.

குணம் அப்படியே இருக்க, விகிதம் மாறியது

குணவாதத்தின் பெரிய பலவீனம் காலம்தான். பண்பாடு என்பது மெதுவாக மாறுவது. சேமிப்பு விகிதமோ இருபது முப்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிடுகிறது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறும் ஒன்றை எப்படி விளக்குவது?

ஜப்பானைப் பார்ப்போம். 1970களின் நடுவில் ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் சேமித்தன. அப்போது அதற்கு ஜப்பானியர் குணமே காரணம் என்று உலகமே வியந்தது. அதே விகிதம் படிப்படியாக இறங்கி 2013-14ஐ ஒட்டிப் பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. அதே மக்கள், அதே மொழி, அதே கோயில்கள். மாறியது வயதுதான். 1970ல் நூற்றுக்கு ஏழு பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2013ல் நாலில் ஒருவர். சேமித்தவர்கள் ஓய்வு பெற்றுச் சேர்த்ததை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். இது ஊதாரித்தனமா? எதற்காகச் சேர்த்தார்களோ அதற்காகத்தானே எடுக்கிறார்கள்!

அதற்கு முந்திய கதையும் உண்டு. டோக்கியோவின் பழைய பெயர் எதோ. அந்த ஊர்க்காரன் இன்றைக்குச் சம்பாதித்த காசை நாளைக் காலைவரை வைத்திருக்க மாட்டான் என்பது அங்கே வழங்கிய பழமொழி. அதுவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது! அப்படிப்பட்டவர்கள் எப்படிச் சிக்கனத்துக்குப் பேர் போனார்கள்? வரலாற்றாசிரியர் ஷெல்டன் காரன் 2011ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். 1875ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு, பள்ளிக்கூடச் சேமிப்பு, போர்க்காலப் பிரசாரம், 1952ல் அமைக்கப்பட்ட சேமிப்பு வளர்ச்சிக்கான மத்தியக் குழு, பெண்கள் சங்கங்கள் மூலம் வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் என்று அரசு பல பத்தாண்டுகள் பாடுபட்டுச் சிக்கனத்தைச் சொல்லிக்கொடுத்தது. சிறுசேமிப்பு வட்டிக்கு வரிவிலக்கும் 1988வரை கொடுத்தது. பிறவிக்குணம் என்றால் இத்தனை பாடம் எதற்கு?

தென்கொரியாவின் கதை இன்னும் வேகமானது. 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டின் உள்நாட்டுச் சேமிப்பு 10 சதவீதத்துக்கும் கீழே. 1980களின் இறுதியில் 35 சதவீதத்துக்கும் மேலே. குடும்பங்களை மட்டும் தனியே பார்த்தால், அப்போது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்த சேமிப்பு, கிரெடிட் கார்டு மோகம் தலைக்கேறிய 2002ஐ ஒட்டி ஒற்றை இலக்கத்தின் அடித்தட்டுக்கு வந்தது. கன்ஃபூசியஸ் இதற்கெல்லாம் பொறுப்பாக முடியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்ஸ் வேபர், சீனாவில் முதலாளித்துவம் தானாக முளைக்காததற்குக் கன்ஃபூசியச் சிந்தனையை ஒரு காரணமாகக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் கிழக்கு ஆசியாவின் வெற்றிக்கு அதே கன்ஃபூசியஸைக் காரணம் காட்டினார்கள். எந்தப் பூட்டுக்கும் பொருந்துகிற சாவியை நம்பி யார் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவார்கள்?

அமெரிக்கா கடைசி உதாரணம். ஊதாரி நாடு என்று பெயர் வாங்கிய அங்கே 2020 ஏப்ரலில் தனிநபர் சேமிப்பு விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. கொரோனாவால் கடைகள் மூடிக் கிடந்தன; அரசு அனுப்பிய காசோலை வீட்டுக்கு வந்தது; செலவழிக்க வழியில்லை. ஒரே மாதத்தில் அமெரிக்கர் குணம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

மொழியே காரணமா?

நம் சங்கத்து வாசகர்களுக்கு மிகவும் சுவையான வாதம் இது. யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த பொருளாதார அறிஞர் கீத் சென் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது வினையைக் கட்டாயம் மாற்றிச் சொல்ல வைக்கும் மொழிகள் ஒரு வகை, ஆங்கிலம் போல. அப்படிக் கட்டாயம் இல்லாத மொழிகள் இன்னொரு வகை, சீனம், ஜெர்மன் போல. இரண்டாம் வகைக்காரர்களுக்கு நாளை என்பது இன்றைப் போலவே பக்கத்தில் தெரியும். ஆகவே அவர்கள் அதிகம் சேமிக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். ஒரே நாட்டில், ஒத்த வருமானமும் ஒத்த குடும்ப நிலையும் உள்ளவர்களை ஒப்பிட்டால்கூட, இரண்டாம் வகைக்காரர்கள் ஓர் ஆண்டில் சேமித்திருக்க வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகம் என்று அவர் கணக்கிட்டார்.

வாதத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று காலம் மூன்று என்பது தொல்காப்பியம் தொட்டு நமக்குப் பாடம். எழுத்துத் தமிழில் "நாளை வருவேன்". அதன்படி நாம் முதல் வகை, அதாவது சேமிக்காதவர் வரிசை. வீட்டில் என்ன சொல்கிறோம்? "நாளைக்கு வரேன்." நிகழ்கால வினையிலேயே நாளை அடங்கிவிடுகிறது. அப்படியானால் இரண்டாம் வகை. கடிதம் எழுதும்போது ஊதாரி, வாய் திறந்து பேசும்போது சிக்கனக்காரன் என்று ஒரே ஆளை இரண்டாகப் பிளக்க முடியுமா? ஒரு மொழியை எந்தப் பெட்டியில் போடுவது என்பதே இவ்வளவு வழுக்கலானது.

இதைவிடப் பலமான மறுப்பு சீனாவிலிருந்து வருகிறது. 1978க்கு முன் சீனக் குடும்பங்களின் சேமிப்பு 5 சதவீதத்தை ஒட்டியே இருந்ததாக ஃபிராங்கோ மோடிக்லியானியும் ஷி லாரி சாவோவும் 2004ல் காட்டினார்கள். அதன் பிறகு அது பல மடங்கு ஏறியது. இடையில் சீன மொழியின் இலக்கணம் மாறவில்லை. கீத் சென்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொழியியலாளர்கள் எதிர்ப்புச் சொன்னபோது அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. ஷான் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் விண்டர்ஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து தம் கணக்கைத் தாமே மறுபடி சோதித்தார். ஒரே குடும்பத்து மொழிகள் ஒன்றுக்கொன்று உறவு என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்ததாக 2015ல் மூவரும் எழுதினார்கள். ஆராய்ச்சி நேர்மைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குடிபெயர்ந்தவர்கள் சொல்லும் சாட்சி

குணமா, சூழலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி, ஊர் விட்டு ஊர் போனவர்களைப் பார்ப்பது. போகிறவர்கள் பண்பாட்டை மூட்டைகட்டிக்கொண்டு போகிறார்கள். வங்கி, வரி, பென்ஷன் ஆகியவற்றை விட்டுவிட்டுப் போகிறார்கள். கிறிஸ்டோபர் கேரலும், பியுங்-குன் ரீ, சாங்யோங் ரீ ஆகிய இரு கொரியப் பொருளியலாளர்களும் 1994ல் கனடாவில் குடியேறியவர்களை ஆராய்ந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதைப் பொறுத்துச் சேமிப்பு மாறுவதாகத் தெரியவில்லை. 1999ல் அதே மூவர் அமெரிக்கக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால் அவை தாய்நாட்டு விகிதங்களோடு ஒத்துப்போகவில்லை. சேமிப்புக்குப் பேர்போன கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சேமித்துவிடவில்லை.

எதிர்ச் சாட்சியையும் சொல்வதுதான் நியாயம். 2018ல் ஜோன் கோஸ்டா-ஃபோன்ட், பாவோலா ஜூலியானோ, பெர்காய் ஓஸ்கான் ஆகியோர் பிரிட்டனில் குடியேறியவர்களை மூன்று தலைமுறை வரை ஆராய்ந்து, தாய்நாட்டுப் பழக்கத்தின் தடம் தொடர்கிறது என்று எழுதினார்கள். ஆகவே பண்பாடு வெறும் பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உண்டியல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கும். ஆனால் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் தெரியும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தை அந்த உண்டியல் தாங்காது.

மோடிக்லியானியின் கணக்கு

அப்படியானால் வேறு எது தாங்கும்? மோடிக்லியானி 1950களில் ரிச்சர்ட் பிரம்பெர்க் என்ற இளைஞரோடு சேர்ந்து வகுத்த வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாடு இன்றும் நல்ல தொடக்கம். மோடிக்லியானிக்கு 1985ல் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தக் கோட்பாடு முக்கியக் காரணம். கருத்து எளிது. உழைக்கும் வயதில் சேர்க்கிறோம், ஓய்ந்த வயதில் எடுக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உழைப்பவர் ஒருவர் 5,000 ரூபாய் சம்பாதித்து, ஐந்தில் ஒரு பங்காக 1,000 ரூபாய் சேமிக்கிறார். அதே காலத்தில் முதியவர் ஒருவர் முன்பு சேர்த்த 1,000 ரூபாயை எடுத்துச் செலவழிக்கிறார். இருவரும் சேர்ந்த நாட்டின் நிகரச் சேமிப்பு பூஜ்யம். இப்போது வருமானம் இரட்டிப்பாகும் ஒரு நாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய தலைமுறைக்காரர் 10,000 ரூபாய் சம்பாதித்து, அதே ஐந்தில் ஒரு பங்காக 2,000 சேமிக்கிறார். முதியவர் எடுப்பது தம் காலத்தில் சேர்த்த பழைய 1,000தான். நிகரச் சேமிப்பு 1,000. வருமானத்தில் 10 சதவீதம். யாருக்கும் புதிதாகச் சிக்கன புத்தி வந்துவிடவில்லை. வளர்ச்சி மட்டுமே சேமிப்பை உண்டாக்கிவிட்டது. சேமித்ததால்தான் ஜப்பானும் கொரியாவும் வளர்ந்தன என்று பாதிக் கதையைச் சொல்கிறோம். வளர்ந்ததால் சேமித்தார்கள் என்பது மீதிக் கதை.

ஆனாலும் இந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. மார்க்கோஸ் ஷமோனும் ஈஸ்வர் பிரசாதும் 2010ல் சீன நகரங்களை ஆராய்ந்தபோது, இளையோரும் முதியோரும்தான் அதிகம் சேமிப்பதாகத் தெரிந்தது. நடுவயதினர் குறைவு. கோட்பாட்டுக்கு நேர் எதிர்! வயதான காலத்தில் எடுத்துச் சாப்பிட வேண்டியவர்கள் ஏன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள்? அங்கேதான் அடுத்த காரணம் வருகிறது.

ஏற்பாடும் பயமும்

சீனாவில் 1990களில் அரசு நிறுவனங்கள் கைவிடப்பட்டன, சீர்திருத்தப்பட்டன. வேலை, வீடு, வைத்தியம், பென்ஷன் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்ற பழைய ஏற்பாடு உடைந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளை படிப்பு, வீடு எல்லாம் தலையில் விழுந்தது. ஒரே பிள்ளை என்ற சட்டத்தால் முதுமையில் சோறு போட நாலு பிள்ளைகளும் இல்லை. ஆண் குழந்தைகள் விகிதம் கூடிப்போனதால் மணப்பெண்ணுக்குத் தட்டுப்பாடு. மகனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தால்தான் கல்யாணம் என்ற நிலை வந்தது. 1990க்கும் 2007க்கும் இடையே குடும்பச் சேமிப்பு ஏறியதில் சுமார் பாதியை இதுவே விளக்கக்கூடும் என்று ஷாங்-ஜின் வெய், ஷியாபோ ஷாங் இருவரும் 2011ல் எழுதினார்கள். அங்கே பிள்ளை வீட்டார் கவலை. நம்மிடம் காலங்காலமாகப் பெண் வீட்டார் கவலை. இரண்டுமே ஒன்றை ஒன்று விஞ்சப் பார்க்கும் சேமிப்புதான். அதைச் சிக்கனம் என்று பாராட்டுவதா, நெருக்கடி என்று பரிதாபப்படுவதா?

சிங்கப்பூரில் வழி வேறு. 1955ல் முதலாளியும் தொழிலாளியும் தலைக்கு 5 சதவீதம் என்று மத்திய சேமநிதி தொடங்கியது. 1984ல் தலைக்கு 25 சதவீதம், ஆக மொத்தம் சம்பளத்தில் பாதி என்றாயிற்று. பின்னர் குறைத்தார்கள். 1980களின் நடுவில் அந்நாட்டின் சேமிப்பு 40 சதவீதத்தைத் தாண்டியதில் இந்தச் சட்டத்துக்கும் அரசின் உபரிக்கும் பெரும் பங்கு உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன தமிழரும் அதில் சேமித்தார். சீனரும் மலாய்க்காரரும் அதே சட்டத்தின் கீழ் அதே விகிதத்தில் சேமித்தார்கள். சம்பளம் கைக்கு வருமுன் பிடித்துக்கொண்டால் எல்லா இனமும் சிக்கன இனம்தான்.

நம் நாட்டிலும் இதே பாடம். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவின் சேமிப்பு 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது நாடு முழுவதும் வங்கிக் கிளைகள் 8,300க்கும் குறைவு. 1990-91ல் சுமார் 60,000. சேமிப்பு 1970களின் இறுதியில் 20 சதவீதத்தைத் தாண்டியது. கிளைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பானைக்குள்ளும் அரிசி மூட்டைக்கடியிலும் கிடந்த காசுக்குப் போக்கிடம் கிடைத்தது பெரிய விஷயம். எல்.ஐ.சி. முகவர், அஞ்சலக ஆர்.டி. வசூலிக்க வரும் அம்மா, பள்ளிக்கூடத்து சஞ்சாயிகா, மாதாமாதம் பிடிக்கும் பி.எஃப். என்று வாசற்படி வரை வந்த ஏற்பாடுகள்தான் "அந்தக் காலத்துச் சிக்கனத்தின்" முதுகெலும்பு. அக்டோபர் 30ஆம் தேதி பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்களே, உலக சிக்கன நாள், அதுவே 1924ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் பிறந்ததுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள்

இப்போது தொடக்கத்துக் குறைக்கு வருவோம். 2022-23ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டதாக அப்போது வெளியான கணக்கு சொன்னது. பல பத்தாண்டுகளில் இல்லாத சரிவு என்று தலைப்புச் செய்திகள் வந்தன. "பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே!" என்றார்கள் பெரியவர்கள்.

ஆனால் நிகர நிதிச் சேமிப்பு என்பது வங்கி, காப்பீடு, பங்கு ஆகியவற்றில் போட்டதிலிருந்து வாங்கிய கடனைக் கழித்து வருவது. வீட்டுக் கடன் வாங்கிப் புது ஃபிளாட் வாங்கினால் கடன் இங்கே கழியும்; கட்டிய வீடு இன்னொரு வரியில் ஏறும். அந்த வரியையும் நகை வரியையும் சேர்த்துப் பார்த்தால் அதே ஆண்டில் குடும்பச் சேமிப்பு 18 சதவீதத்தை ஒட்டி இருந்தது. முன்பைவிடக் குறைவுதான். தனிநபர் கடனும் கார்டுக் கடனும் கூடியிருப்பதும் உண்மை. அதில் கவலைப்பட நியாயம் உண்டு. ஆனாலும் "ஊதித் தள்ளிட்டாங்க" என்ற தீர்ப்புக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு ரயில்வே பென்ஷன் இருந்தது. அப்பாவுக்கு ஏ.ஜி. ஆபீஸ் குவார்ட்டர்ஸ் இருந்தது. பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் பள்ளியில் குறைந்த கட்டணத்தில் படிப்பு. உடம்புக்கு வந்தால் அரசு மருத்துவ வசதி. வாடகையும் கட்டணமும் வைத்தியமும் இல்லாத இடத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது ஒரு சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2004 ஜனவரிக்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கே பழைய பென்ஷன் இல்லாமல் போயிற்று. பேரன் குர்காவுனில் வாடகை கொடுத்து, குழந்தைக்கு எல்.கே.ஜி. கட்டணம் கட்டி, அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு போட்டு, மிச்சத்தில் சேமிக்க வேண்டும். இருவரின் குணத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா?

முடிவாக

குணவாதம் கேட்க இனிப்பானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. "நம்மவர்கள் சிக்கனத்தால் முன்னுக்கு வந்தோம்" என்ற வாக்கியத்தின் மறுபக்கம், "முன்னுக்கு வராதவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள்" என்பது. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்மணியைப் பற்றி, காலனி வாட்ச்மேனைப் பற்றி, தாராவியிலோ வேறெங்கோ ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் தமிழ்த் தொழிலாளியைப் பற்றி இதை எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அவர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் சேர்த்தது கரைந்துவிடும். குறைபாடு அவர்கள் குணத்தில் இல்லை. அவர்களுக்கு வாய்க்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

ஏற்பாடுதான் காரணம் என்றால் நாமும் கொஞ்சம் ஏற்பாடு செய்யலாம். 2015ல் தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ள, வருமான வரி கட்டாதவர்கள் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியான ஓய்வூதியம் உண்டு. தொகை சிறியதுதான். ஆனால் படிவம் நிரப்பத் தெரியாததாலும் வங்கிக்குப் போய் நிற்கக் கூச்சப்படுவதாலும் விட்டுப்போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நம்மைப் போன்ற சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து இதைச் செய்துகொடுத்தால், மேடையில் சிக்கனத்தைப் பற்றி நூறு முறை பேசுவதைவிட அது மேல். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சரிதான். அந்தத் துளி போய்ச் சேர ஒரு குளம் வெட்டிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.